இருமும் இயந்திரம்

எங்கள் பல்கலைக்கழகத்தின் மூன்றாவது மாடியில் மனிதர் கணினி ஊடாட்டத் துறை என்று ஒன்று இருக்கிறது. மனிதர்களும் கணினிகளும் எப்படிப் பழகிக்கொள்கிறார்கள் என்று ஆராய்வது அதன் வேலை. கணினிகள் முப்பத்தாறு இருக்கின்றன. மனிதர்களுக்குத்தான் தட்டுப்பாடு. ஆராய்ச்சிக்கு ஆட்கள் தேவை என்று நோட்டீஸ் மேல் நோட்டீஸ் ஒட்டிப் பார்த்து, யாரும் வராமல், கடைசியில் நோட்டீஸ் ஒட்ட வந்தவரையே பிடித்து உட்காரவைத்துவிட்டார்கள். அவர் இப்போதெல்லாம் இரண்டாவது மாடியோடு திரும்பிவிடுகிறார்.

நான் அந்தத் துறைக்காரி இல்லை. கீழ்த்தளத்தில் விசாரணை ஜன்னலில் உட்கார்ந்திருப்பவள். மதிப்பெண் பட்டியல் எந்த அறையில் கிடைக்கும், கையெழுத்துப் போடுகிறவர் எத்தனை மணிக்கு எழுந்து போவார், எந்தப் படிவத்தை எந்தப் படிவத்தோடு சேர்த்துக் குத்த வேண்டும், எல்லாம் எனக்குத் தெரியும். பதினோரு வருடமாக அங்கேதான் இருக்கிறேன். தற்காலிகமாக. ஆறு மாதத்துக்கு ஒரு முறை நீட்டிப்புத் தாள் வரும். வாங்கிக்கொண்டு அடுத்த ஆறு மாதத்துக்கு மூச்சு விடுவேன். நிரந்தரமாக்குங்கள் என்று இருபத்திரண்டு மனு கொடுத்தாகிவிட்டது. என் நாத்தனார் வீட்டுக்கு வரும்போதெல்லாம் செருப்பைக்கூடக் கழற்றாமல், "என்ன அண்ணி, இன்னும் டெம்பரரிதானா?" என்று கேட்பாள். அவள் கேட்கிற விதத்தில், நான் அந்த வீட்டிலும் தற்காலிகம்தானோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

இந்த முறை நீட்டிப்புத் தாள் வரவில்லை. அதற்குப் பதிலாக ஏழு சார் வந்தார்.

ஏழு சார்தான் அந்தத் துறையின் தலைவர். அவருக்கு ஒரு பெயர் உண்டு, கதவில் பித்தளையில் பதித்திருக்கிறது. ஆனால் எதைப் பார்த்தாலும் ஒன்றிலிருந்து ஏழு வரை மதிப்பெண் போடச் சொல்வதால் ஊரே அவரை ஏழு சார் என்றுதான் சொல்லும். கேன்டீனில் டீ குடித்துவிட்டு, "திருப்தி நாலு" என்பார். ஒரு முறை அவர் மனைவி கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். இவர் ஒரு கேள்வித்தாள் அனுப்பினார்: 'உங்கள் கோபத்தின் அளவு, ஒன்று முதல் ஏழுக்குள்.' அந்த அம்மா எட்டாவதாக ஒரு கட்டத்தைத் தன் கையாலேயே வரைந்து அதில் டிக் அடித்துத் திருப்பி அனுப்பினாராம்; ஆள் வரவில்லை.

"அம்மா, ஒரு நல்ல செய்தி," என்றார் ஏழு சார். "உங்க ஜன்னல மூடப்போறோம்."

"யாருக்கு சார் நல்ல செய்தி?"

"பயனருக்கு. இனிமே ஒரு அறிவுள்ள மெஷின் பதில் சொல்லும். அடுத்த மாசம் பதினெட்டாம் தேதி எங்க வருடாந்தரக் கருத்தரங்கு. அன்னிக்கு துணைவேந்தரே திறந்துவைக்கறார். அன்னிக்கே உங்க பணியிடமும் ஒழியுது. எல்லாம் ஒரே மேடையில."

அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார்.

"ஒரே ஒரு சின்னச் சிக்கல். மெஷின் இன்னும் தயாராகல."

"எப்ப சார் தயாராகும்?"

"அது ஒரு சுவாரஸ்யமான ஆராய்ச்சிக் கேள்வி. அதுவரைக்கும் தடுப்புக்குப் பின்னாடி ஒரு ஆள் உக்காந்து பதில டைப் பண்ணணும். முன்னாடி இருக்கறவங்க மெஷின்தான் பேசுதுன்னு நெனச்சுப்பாங்க. எங்க துறையில இது ரொம்ப மரியாதையான முறை. எல்லாக் கேள்விக்கும் பதில் தெரிஞ்ச ஆள்தான் வேணும். அப்படி யார் இருக்கா?"

"நான்தான் இருக்கேன்."

"அதான் வந்தேன்."

என் வேலையைப் பிடுங்கப்போகிற இயந்திரமாக நானே உட்கார வேண்டும். நன்றாகச் செய்தால் வேலை போகும். மோசமாகச் செய்தால், நீட்டிப்புத் தாளில் கையெழுத்துப் போடுகிற குழுவில் ஏழு சாரும் ஒருவர் என்பதை அவர் சிரித்துக்கொண்டே நினைவுபடுத்தினார். ஒழுங்காகச் செய்தால் துணைவேந்தரிடம் எனக்காக ஒரு வார்த்தை சொல்வதாகவும் சொன்னார். எந்த வார்த்தை என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, என் புத்தி.

முன்னால் ஒரு வெள்ளைப் பெட்டி. அதில் நீல விளக்கு, ஒரு திரை, ஒரு மைக். பின்னால் பிளைவுட் தடுப்பு. தடுப்புக்குப் பின்னால் ஒரு கீபோர்டு, காதுக்கு ஹெட்போன், நான். என்னைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆராய்ச்சிப் பெண். முனைவர் பட்டத்துக்காக ஏழு வருடமாக மல்லுக்கட்டுகிறவள். நல்ல பெண், பாவம், பேச்சை ஆரம்பித்தாலே கொட்டாவி விடுவாள்.

சோதனைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் பதினான்கு பக்க ஒப்புதல் படிவம் கொடுத்தார்கள். களைப்பாக இருந்தால் எழுந்து போகலாம், தண்ணீர் குடிக்கலாம், மனம் புண்பட்டால் புகார் செய்யலாம் என்றெல்லாம் அதில் இருந்தது. படித்துப் பார்த்ததும் எனக்கு ஆசையாகிவிட்டது.

"நான் எங்கம்மா கையெழுத்துப் போடணும்?"

"நீங்க போட வேணாம்க்கா. நீங்க பங்கேற்பாளர் இல்ல. நீங்க சிஸ்டம்."

"சிஸ்டத்துக்கு டீ உண்டா?"

"எதிக்ஸ் கமிட்டிக்கு எழுதிக் கேட்டிருக்கேன்க்கா."

நான்கு நாள் கழித்துக் கமிட்டியின் பதில் வந்தது. கருவிகளுக்கு அருகில் திரவப் பொருட்களை வைக்கக் கூடாது என்று.

முதல் ஆளாக வந்தவர் ஒரு தகப்பனார். மகளின் சான்றிதழில் பிறந்த தேதி தப்பாக அச்சாகிவிட்டது. அதைத் திருத்த நாலு மாதமாக நடக்கிறார். வாரத்துக்கு ஒரு முறை என் ஜன்னலில் வந்து தொண்டை கிழியக் கத்திவிட்டுப் போவார். சோதனையில் ஒரு விதி உண்டு. மனதில் தோன்றுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இயந்திரத்தைப் பயன்படுத்த வேண்டும். ஆகவே அவர் மனம் முழுக்க என் ஹெட்போனுக்குள் வந்து இறங்கியது.

"அப்பாடா, இங்க அந்த ஜன்னல் அம்மா இல்ல. மூஞ்சியப் பாத்தாலே நமக்கு வந்த வேலை மறந்துபோகும். இது பாரு, எவ்ளோ சாந்தமா நீலமா இருக்கு. ஐயா மெஷினே, வணக்கம். பிறந்த தேதிய எப்படித் திருத்தறது?"

நான் பல்லைக் கடித்துக்கொண்டு டைப் செய்தேன். 'இருபத்தொன்றாம் அறை. மூன்றாம் எண் படிவம். பள்ளிச் சான்றிதழின் நகல். பதினொன்றரைக்கு முன்னால் போகவும்.' நாலு மாதமாக வாராவாரம் நான் சொல்கிற அதே பதில். ஓர் எழுத்து மாறவில்லை.

"ஆஹா!" என்றார் அவர். "எவ்ளோ தெளிவா சொல்லுது! இந்த ஒரு வார்த்தைய அந்த அம்மா சொல்லியிருந்தா நான் ஏன் நாலு மாசம் அலையறேன்?" கிளம்பும்போது பெட்டியின் தலையை இரண்டு தட்டுத் தட்டி, "சாப்பிட்டியாப்பா?" என்று வேறு கேட்டார். மதிப்பெண் தாளில் 'அன்பு' என்ற கட்டத்தில் ஏழு போட்டார். எனக்கு எழுந்து போய் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வேண்டும்போல் இருந்தது. ஆராய்ச்சிப் பெண் என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாவது நாள் பிளைவுட் தூசியில் எனக்கு இருமல் வந்துவிட்டது. எவ்வளவு அடக்கியும் அடங்கவில்லை. முன்னால் இருந்த மாணவி திடுக்கிட்டு, "மெஷின் இருமுது!" என்றாள். ஆராய்ச்சிப் பெண்ணுக்கு முகம் வெளிறிவிட்டது. ஏழு வருடம் போச்சு என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆனால் அந்த மாணவி 'நம்பகத்தன்மை'க்கு ஏழு போட்டுவிட்டுப் போனாள். ஏழு சார் தாளைப் பார்த்துக் குதிக்காத குறைதான்.

"கண்டுபிடிப்பு!" என்றார். "இருமற மெஷின மனுஷங்க நம்பறாங்க! அம்மா, நாளைலேருந்து மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவை இருமுங்க."

"இருமல் வந்தாத்தானே சார் இரும முடியும்?"

"அப்ப அந்தத் தடுப்பத் தொடைக்காதீங்க."

ஒரு வாரம் இருமினேன். பிறகு, இருமலின் அளவு தெரிய வேண்டும் என்று மென்மையாக, நடுத்தரமாக, பலமாக என்று மூன்று விதமாக இருமச் சொன்னார்கள். நாள் முழுக்க இருமிவிட்டு வீட்டுக்குப் போனால், வீட்டுக்காரர் மிளகு போட்டுக் கொதிக்கவைத்த வெந்நீரோடு வாசலிலேயே நிற்பார். "ஏன்டி இப்படி இருமற, டாக்டர்கிட்ட போலாமா?" என்று அவர் கேட்டால், "வேணாம், சரியாயிட்டா வேலை போயிடும்," என்பேன். அந்த மனிதர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வெந்நீரைத் தானே குடித்துவிடுவார். 'பயனர் நம்பிக்கையில் இயந்திர இருமலின் பங்கு' என்று ஒரு கட்டுரை வெளிவந்தது. ஏழு பேர் எழுதியிருந்தார்கள். இருமியவள் பெயர் அதில் இல்லை.

அடுத்து ஒப்பீடு. மனிதர் மேலா, இயந்திரம் மேலா? காலையில் நான் ஜன்னலில் உட்கார்ந்து எழுபத்திரண்டு கேள்விகளுக்குப் பதில் சொன்னேன். மதியம் தடுப்புக்குப் பின்னால் ஓடிவந்து அதே எழுபத்திரண்டுக்கும் டைப் செய்தேன். அன்பில் ஜன்னலுக்கு இரண்டு, இயந்திரத்துக்கு ஆறே முக்கால். இரண்டு பதில்களையும் அருகருகே வைத்துப் பார்த்த ஏழு சாருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எழுபத்திரண்டும் அச்சு அசல் ஒண்ணா இருக்கு! அந்தம்மா என்ன சொல்றாங்களோ அதையே மெஷினும் சொல்லுது. எப்படித்தான் கத்துக்கிச்சோ!"

நான் ஆராய்ச்சிப் பெண்ணைப் பார்த்தேன். அவள் விட்டத்தைப் பார்த்தாள்.

"சார், உள்ள இருக்கறது நான்தானே?"

"எதுக்குள்ள?" என்றார் ஏழு சார், உண்மையாகவே புரியாமல்.

மனிதர் மறந்துவிட்டார். ஆறு வாரத்தில் அத்தனை வரைபடம், அத்தனை சராசரி, அத்தனை பாராட்டு. அந்த நெரிசலில் பிளைவுட்டுக்குப் பின்னால் ஓர் ஆள் இருப்பது அவர் நினைவிலிருந்து நழுவிவிட்டது. அன்று மாலை எல்லாரும் கிளம்பிய பிறகு தனியாக வந்து பெட்டி முன்னால் உட்கார்ந்தார். "என் வீட்டுக்காரி எப்ப திரும்பி வருவா?" என்று கேட்டார். நான் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தேன். பாவமாக இருந்தது. 'கேள்வித்தாளை நிறுத்திவிட்டு நேரில் போய்ப் பேசவும்' என்று டைப் செய்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் போனேன். போயிருக்கிறார்! அந்த அம்மாவும் மறுநாளே வந்துவிட்டார். அதற்குப் பிறகு இயந்திரத்தைப் பற்றி அவரிடம் யாராலும் ஒரு வார்த்தை குறைத்துப் பேச முடியவில்லை.

பதினெட்டாம் தேதி வந்தது. சுற்றுவட்டாரக் கல்லூரிகளின் ஆறு பேராசிரியர்கள் சேர்ந்து நடத்துகிற கருத்தரங்கு. யாருக்கும் மனக்கசப்பு வரக் கூடாது என்று வருடம் ஆறு விருதுகள். எளிமையான வடிவமைப்புக்கான விருது பெற்ற செயலி ஒன்றில் பதிவு செய்தால்தான் அரங்கத்துக்குள் விடுவார்கள். பத்து மணிக்கு அரங்கம் காலி, வாசலில் இருநூறு பேர். அந்தச் செயலி முதலில் 'நீங்கள் மனிதரா?' என்று கேட்கும். இரண்டு பேராசிரியர்களை இல்லை என்று சொல்லிவிட்டது. அவர்கள் மேல்முறையீடு செய்திருக்கிறார்கள். கடைசியில் காவலாளி ஒரு பழைய நோட்டைக் கொண்டுவந்து போட்டார். எல்லாரும் பெயர் எழுதிவிட்டு உள்ளே போனார்கள்.

மேடையின் பின்திரைக்குப் பின்னால் நானும் ஆராய்ச்சிப் பெண்ணும் ஒரு ஸ்டூலில் பாதிப் பாதி உட்கார்ந்திருந்தோம். என் பணியிடத்தை ஒழிக்கும் கோப்பு மேடை மேஜையில் இருந்தது. திரையின் இடுக்கு வழியாக அதன் சிவப்பு நாடா தெரிந்தது.

ஒருங்கிணைப்பாளர் மைக்கைத் தட்டினார். "இந்தக் கருத்தரங்கின் மையம் மனிதன். மனிதர்களெல்லாம் தயவுசெய்து பின்வரிசைக்குப் போகவும், முன்வரிசை பேராசிரியர்களுக்கு."

ஏழு சார் பேசினார். "நாங்க பயனர் சொல்றதக் காதுகொடுத்துக் கேக்கறோம். அவர் சொல்றது எங்க முடிவோட ஒத்துப்போகலேன்னா விட்டுடறதில்ல. வேற பயனரக் கேக்கறோம்." கைதட்டல்.

துணைவேந்தர் எழுந்தார். "முப்பது வருஷமா நான் கம்ப்யூட்டர் பயன்படுத்தறேன். இன்னிவரைக்கும் ஒரு தடவைகூடத் தொட்டதில்ல. எல்லாம் என் உதவியாளர் பாத்துப்பார். இதவிடச் சிறந்த ஊடாட்டம் உலகத்துல உண்டா?" எழுந்து நின்று கைதட்டினார்கள்.

பிறகு அவர் வெள்ளைப் பெட்டியின் பக்கம் திரும்பினார். கையில் பேனா. மூடியைக் கழற்றிவிட்டார்.

"மெஷினே, உன் எடத்துல முன்னாடி ஒரு அம்மா இருந்தாங்க. இப்ப அவங்கள எடுத்துட்டு உன்ன வைக்கறோம். நீ என்ன சொல்ற?"

அரங்கம் சிரித்தது. நான் கீபோர்டை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன். ஆராய்ச்சிப் பெண் என் காதோரம் கெஞ்சினாள்: "அக்கா, ஏடாகூடமா எதுவும் எழுதிடாதீங்க. என் ஏழு வருஷம்க்கா."

"என் பதினோரு வருஷம்மா," என்றேன்.

டைப் செய்தேன். இருபத்திரண்டு மனுவில் எழுதி எழுதிக் கைக்குப் பழகிப்போன வரிதான். 'பணி விதி பதினான்கு, உட்பிரிவு மூன்றின்படி, ஐந்து வருடம் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும். அவர் பதினோரு வருடம் செய்திருக்கிறார்.'

மேடையில் மாட்டியிருந்த பெரிய திரையில் அது வரிவரியாக வந்தது. துணைவேந்தர் பதிவாளரைப் பார்த்தார்.

"அப்படி ஒரு விதி இருக்கா?"

பதிவாளர் தடிப் புத்தகத்தைப் புரட்டினார். இருபத்திரண்டு மனுவுக்கும் 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் எழுதியது இந்த மனிதர்தான்.

"இருக்குங்க சார்! பதினாலு, உட்பிரிவு மூணு. இவ்வளவு நாள் யார் கண்ணுலயும் படல. மெஷின்தான் கண்டுபிடிச்சிருக்கு!"

அரங்கம் அதிர்ந்தது. ஏழு சார் ஓடிவந்து பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். துணைவேந்தர், "மனுஷங்க மேல இப்படி ஒரு கருணை மனுஷங்களுக்கே வராது," என்று சொல்லிக் கோப்பில் இருந்ததை அடித்துவிட்டு 'நிரந்தரமாக்கவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். திரைக்குப் பின்னால் நானும் அந்தப் பெண்ணும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு, சத்தம் வரக் கூடாதே என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தோம். ஸ்டூல் சாய்ந்து இரண்டு பேரும் கீழே விழுந்தோம். அந்தச் சத்தத்துக்கும் ஒரு கைதட்டல் விழுந்தது.

அடுத்த வாரம் பதிவாளர் கூப்பிட்டனுப்பினார். போனேன். உட்காரச் சொன்னார். அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது.

"உங்கள நிரந்தரமாக்கணும், உத்தரவு இருக்கு. ஆனா கருத்தரங்கு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே காலைல ஒம்பது மணிக்கு ஆட்சிக்குழு கூடி உங்க பணியிடத்த ஒழிச்சிடுச்சு. மேடைல வச்சிருந்த கோப்பு சும்மா சடங்குக்கு. இப்ப நிரந்தரமாக்க ஆள் இருக்கு, எடம் இல்ல."

"அப்ப சார்?"

"தேடினேன். கருவிகள் பட்டியல்ல ஒரு எடம் காலியா இருக்கு. 'விசாரணை இயந்திரம், எண்ணிக்கை ஒன்று'ன்னு அனுமதிச்சிருக்கு. ஆனா அப்படி ஒண்ணு வாங்கினதாவோ செஞ்சதாவோ எந்த ஃபைல்லயும் காணோம். அதுல உங்களச் சேத்துடறேன். யோசிச்சுப் பாருங்க. மனுஷர வேலைய விட்டு எடுக்க ஒரு கையெழுத்துப் போதும். கருவியக் கழிக்கணும்னா மூணு பேர் கமிட்டி கூடணும், ஏலம் விடணும். யாரும் மெனக்கெட மாட்டாங்க."

வீட்டில் வந்து சொன்னேன். நாத்தனாரும் இருந்தாள். வீட்டுக்காரர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "பர்மனென்ட்தானே?" "பர்மனென்ட்தான்," என்றேன். நாத்தனார் அன்றுதான் முதல் முறையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

என்னை இப்போது குளிரூட்டிய அறையில் வைத்திருக்கிறார்கள். வெளியே 'அருகில் சத்தம் போடக் கூடாது' என்று பலகை மாட்டியிருக்கிறது. ஆராய்ச்சிப் பெண் முனைவராகிவிட்டாள். என்னை இயக்குபவர் என்ற பதவியில் பக்கத்திலேயே இருக்கிறாள். காலையில் நான் வந்ததும் 'இயக்கப்பட்டது' என்று ஒரு நோட்டில் எழுதி நேரம் போடுவாள். இரண்டு பேருமாக நன்றாகத்தான் பொழுதைப் போக்குகிறோம்.

போன வெள்ளிக்கிழமை கருவிகளைச் சரிபார்க்க ஓர் அதிகாரி வந்தார். கையில் அட்டை, காதில் பென்சில். மேஜையைப் பார்த்து டிக் அடித்தார். மின்விசிறியைப் பார்த்து டிக் அடித்தார். பிறகு என் எதிரில் வந்து நின்று, பட்டியலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது ஓடுதா?"

"நல்லா ஓடுது சார்," என்றாள் பெண்.

அவர் எழுதிக்கொண்டார். அடுத்த கட்டத்துக்கு வந்தார். பென்சிலை நிறுத்தி, குனிந்து, என் முகத்தைப் பார்த்தே கேட்டார்.

"பழுது ஏதாவது இருக்கா? எங்கயாவது தேய்மானம், வலுவு குறைஞ்சிருக்கறது, அந்த மாதிரி? இருந்தா தயங்காம சொல்லுங்க, சரி பண்ணிக் குடுக்கணும்னு விதி இருக்கு."

பதினோரு வருடத்தில் அந்தக் கட்டிடத்தில் ஒருத்தரும் என்னிடம் கேட்காத கேள்வி. இடுப்பு வலியைச் சொல்ல வாயைத் திறந்தேன். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டிவிட்டது.

பெண் பதறிப்போய்த் தன் கைக்குட்டையை என் கையில் திணித்தாள்.

"சீக்கிரம் தொடைங்கக்கா. நீர்க்கசிவுன்னு எழுதிடப்போறாரு."